மூன்று நிமிடம் ஓடி நின்ற ஜெனரேட்டர்: கல்யாண மண்டபத்துக்கு 160 கேவிஏ போட்ட கதை

உடுமலைப் பக்கம் மாமாவுக்கு ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. மேலே ஏசி ஹால், கீழே சாப்பாட்டுக் கூடம், பக்கவாட்டில் 14 அறைகள். நான் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன், அதனால் மண்டபத்தில் எது எரிந்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். போன வைகாசியில் ஒரு வரவேற்பு நடந்துகொண்டிருந்தபோது வந்த போனில் மாமா பேசவே இல்லை, பின்னால் கூட்டம் கத்துகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

நடந்தது இதுதான். ராத்திரி ஏழே முக்காலுக்கு கரண்ட் போயிருக்கிறது. வாடகைக்கு வந்து நின்ற 125 கேவிஏ (ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு) ஜெனரேட்டர் வண்டியை ஆபரேட்டர் உடனே ஸ்டார்ட் செய்து, இபியிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் திருப்பிவிட்டார். விளக்கு வந்தது, பாட்டு வந்தது, எல்லாரும் மறுபடி மேடையைப் பார்த்தார்கள். சரியாக மூன்று நிமிடம். அப்புறம் விளக்கெல்லாம் துடித்து, இன்ஜின் ஒரு முக்கு முக்கி, கரும்புகையைக் கக்கிவிட்டு நின்றது. மறுபடி ஸ்டார்ட், மறுபடி மூன்று நிமிடம், மறுபடி சாவு. மொத்தம் 20 நிமிடத்துக்கு மேல் மாப்பிள்ளை பெண்ணை செல்போன் டார்ச்சில் வைத்துத்தான் போட்டோ எடுத்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் இபி வந்துவிட்டது.

"மாப்ள, இன்னொருக்கா இப்பிடி ஆச்சுன்னா மண்டபத்தப் பூட்டிட்டுத் தோட்டத்துக்கே போயிருவேன்" என்றார் மாமா. சொந்தமாக ஜெனரேட்டர் போட்டுவிடலாம் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. ஆனால் எனக்கு அந்த மூன்று நிமிடக் கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. டீசல் அடைப்பு என்றால் இரண்டு தடவையும் ஒரே நேரத்தில் நிற்காது. ஓவர்லோடு என்றால் சேஞ்ச் ஓவர் போட்ட உடனே நின்றிருக்க வேண்டும்.

மறுநாள் ஏசி பிளான்ட் பக்கம் போய் நின்று பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஹாலுக்கு 11 டன் டக்டபிள் ஏசி (தகரக் குழாய் வழியாகக் குளிர்காற்று விடுவது) யூனிட் ஆறு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்க்ரோல் கம்ப்ரசர், ஆகப் பன்னிரண்டு. கரண்ட் போய் வந்தால் கம்ப்ரசர் உடனே ஓடாது, கேஸ் அழுத்தம் சமன் ஆவதற்காக கன்ட்ரோலர் மூன்று நிமிடம் பிடித்து வைக்கும். ஆறு யூனிட்டுக்கும் ஒரே விநாடியில் கரண்ட் வந்தால் ஆறு கடிகாரமும் ஒன்றாக ஓடி, மூன்று நிமிடம் முடிந்ததும் ஆறும் ஒன்றாகக் கிளம்பும். ஒரு யூனிட்டின் இரண்டாவது கம்ப்ரசர் சில விநாடி தள்ளித்தான் வரும் என்பதால் முதல் அடியில் ஆறு கம்ப்ரசர் என்று வைத்துக்கொள்ளலாம். பெயர்ப் பலகையில் லாக்டு ரோட்டர் கரண்ட், அதாவது கிளம்புகிற நொடியில் இழுக்கிற கரண்ட், 74 ஆம்ப்ஸ் என்று போட்டிருக்கிறது, ஆறுக்கு 444 ஆம்ப்ஸ். 125 கேவிஏ ஆல்டர்னேட்டரின் (ஜெனரேட்டரில் கரண்ட் தயாரிக்கிற பாகம்) முழு கரண்டே 174 ஆம்ப்ஸ்தான், அதிலும் விளக்கு, சமையல், லிஃப்ட் என்று பாதி ஏற்கெனவே போயிருக்கும். வோல்டேஜ் படுத்துவிடும், காண்டாக்டர்கள் (கரண்ட் இருந்தால் மட்டும் பிடித்து நிற்கிற சுவிட்சுகள்) கடகடவென்று விட்டு விட்டுப் பிடிக்கும், இன்ஜின் தாங்காது. ஆபரேட்டரைத் திட்டியது பாவம். அவரிடம் யாரும் ஏசியை முதலில் ஆஃப் செய்யச் சொல்லவில்லை.

இது தெரிந்த பிறகு எனக்கு ஜெனரேட்டர் எத்தனை கேவிஏ என்பதைவிட, லோடு எந்த வரிசையில் ஏறும் என்பதுதான் முக்கியமாகப் பட்டது. ஆனால் விற்க வந்தவர்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஒருவர் வந்து எல்லா மெஷினின் பெயர்ப் பலகையையும் எழுதிக்கொண்டு போனார். ஏசி 78 கிலோவாட், அறை ஏசிகள் 22, லிஃப்ட், போர் மோட்டார், கிரைண்டர்கள், மேடை விளக்கு எல்லாம் கூட்டி 150. கிலோவாட்டை கேவிஏவாக்க அதை 0.8 பவர் ஃபேக்டரால் வகுத்து, கால் பங்கு மேலே போட்டு, 250 கேவிஏ வாங்குங்கள் என்றார். கணக்கில் தப்பில்லை, ஆனால் அத்தனையும் ஒரே நேரத்தில் ஓடுகிற மண்டபம் இந்த உலகத்தில் கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் ஹாலில் இருக்கும்போது அறை ஏசி ஓடாது (ஓடக்கூடாது, ஆனால் பாதி அறையில் ஓடும், அது வேறு வயிற்றெரிச்சல்).

நான் இரண்டு வேலை செய்தேன். ஒரு வருட இபி பில்லை எடுத்து மீட்டர் பதிவு செய்த அதிகபட்ச டிமாண்டைப் பார்த்தேன், ஆவணி மாதத்தில்தான் உச்சம், 98 கிலோவாட். மீட்டர் காட்டுவது சராசரி, நொடிக்கு நொடி ஏறுவது அதில் தெரியாது. அதனால் மூன்று முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வரவேற்பு நேரத்தில், ஏழிலிருந்து ஒன்பது வரை, பேனல் ரூமில் டாங் டெஸ்டரோடு (கேபிளைக் கவ்விப் பிடித்து கரண்ட் அளக்கிற மீட்டர்) உட்கார்ந்தேன். அதிகமாக வந்தது ஆர் ஃபேஸில் 158, ஒய்யில் 171, பியில் 149. சுமார் 114 கேவிஏ, 105 கிலோவாட். ஒய் ஏன் அதிகம் என்று தேடினால், டெக்கரேஷன்காரர்கள் எல்ஈடி திரையையும் ஐஸ்கிரீம் ஃப்ரீசரையும் கைக்கு எட்டிய ஒரே பாயின்டில் சொருகியிருந்தார்கள். வெளியாட்களுக்கென்று மூன்று ஃபேஸிலும் பிரித்துத் தனி சாக்கெட் பாக்ஸ் போட்ட பிறகு அது கொஞ்சம் சமனானது.

அதே 0.8 கணக்கில் 160 கேவிஏ என்றால் 128 கிலோவாட். 105 அதில் நூற்றுக்கு 82. போதும். பெரிசாக வாங்கினால் நல்லதுதானே என்று மாமா கேட்டார், எல்லாரும் கேட்பார்கள். டீசல் இன்ஜினை ரொம்பக் குறைந்த லோடில், சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே, மணிக்கணக்கில் ஓட்டினால் உள்ளே சூடு பத்தாது. எரியாத டீசலும் கரியும் சேர்ந்து சைலன்சர் வழியாக எண்ணெயாக ஒழுகும், ரிங் ஒட்டும், பிறகு ஒருநாள் முழு லோடு கேட்டால் தராது. கல்யாணம் இல்லாத நாளில் எங்கள் மண்டபத்தின் லோடே 8 கிலோவாட்தான், ஆபீஸ், வாட்ச்மேன் அறை, தெருவிளக்கு. 250ஐ வைத்து அதை ஓட்டுவது லாரியில் கறிவேப்பிலை வாங்கப் போவது மாதிரி. 160க்கே அது ஆகாது என்பதால் ஆபீசுக்குப் பழைய இன்வெர்ட்டரையே விட்டுவிட்டோம். பெரிய வண்டி விசேஷ நாளில் மட்டும்தான்.

செகண்ட் ஹேண்ட் ஒன்று பாதி விலைக்கு வந்தது. மாமாவுக்கு ஆசை. ஆனால் ஜெனரேட்டர் புகைக்கான மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சிபிசிபி 4 பிளஸ் விதி 2023 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்துவிட்டது, பழைய இருப்பைத் தள்ளிவிடக் கொடுத்த அவகாசமும் 2024 ஜூன் 30 உடன் முடிந்தது. புதிதாகப் போடுகிற இடத்தில் பழையதைக் கொண்டுவந்து வைத்து, அனுமதிக்கு அலைந்து, கடைசியில் எடு என்று சொன்னால் யார் எடுப்பது? புதுசே வாங்கினோம். புது விதி இன்ஜினில் ஒரு கூடுதல் தலைவலி உண்டு. டீசல் டேங்க்கோடு யூரியா கரைசலுக்கு ஒரு சின்ன டேங்க், புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க. பெரிய லாரிகளில் ஊற்றுவார்களே, அதே நீல மூடி சரக்குதான். செலவு டீசலில் நூற்றுக்கு ஐந்துக்குள். வெயிலில் கேனை வைத்தால் சீக்கிரம் கெடும், தீர்ந்துபோனால் கன்ட்ரோலர் எச்சரித்துக்கொண்டே இருக்கும்.

இடம் பார்ப்பதில்தான் பெரிய பஞ்சாயத்து. பேனல் ரூம் மேற்குப் பக்கம். அங்கேயே வைத்தால் 12 மீட்டர் கேபிளில் வேலை முடியும் என்றார் கான்ட்ராக்டர். ஆனால் எங்கள் ஊரில் ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று எப்படி அடிக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது, சுத்தியும் காற்றாலையாக நிற்பதைப் பார்த்தாலாவது தெரிய வேண்டும். மேற்கே வைத்தால் புகை நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குள்தான் போகும். அதோடு ரேடியேட்டர் வெளியே தள்ளுகிற சூட்டுக் காற்றை மேல்காற்று திருப்பி உள்ளே தள்ளும், அப்புறம் இன்ஜின் சூடேறி ட்ரிப் ஆகும். அதனால் கிழக்கே, ரேடியேட்டர் வாய் கிழக்குப் பார்த்து, எதிரே தென்னந்தோப்பு. கேபிள் 38 மீட்டர் ஆனாலும் பரவாயில்லை என்றேன்.

மாமா ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டி வந்தார். நெருப்புச் சாமான், அக்கினி மூலையில்தான் வைக்க வேண்டும் என்று தென்கிழக்கைக் காட்டினார். திசை கிட்டத்தட்ட எனக்கும் சம்மதம்தான், ஆனால் அந்த மூலையில் சமையல்கட்டின் கேஸ் சிலிண்டர் கொட்டகை இருக்கிறது. சிலிண்டர் பக்கத்தில் இன்ஜின் வைக்க நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்று நின்றுவிட்டேன். கடைசியில் 15 மீட்டர் வடக்கே தள்ளி வைத்தோம். "அடுப்பு அந்த மூலைல இருக்குதுங்களே மாமா, அக்கினிக்கு அது போதும்" என்று சொன்னதும் மாமா வாஸ்துக்காரரைப் பார்த்தார், அவரும் தலையாட்டிவிட்டார்.

வேலையை ஆடிக்கு வைத்துக்கொண்டோம். ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் காலி, ஒரு மாதம் முழுசாகக் கையில் இருக்கிறது. ஆர்டர் மட்டும் முன்னாடியே கொடுத்தாச்சு.

தோண்டினால் கரிசல் மண். மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். கான்ட்ராக்டர் ஓர் அடி தோண்டி கான்கிரீட் போடலாம் என்றார், நான் மூன்றடிக்குக் கரிசலை முழுக்க எடுத்துவிட்டு கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு இடித்து, அதன் மேல் கம்பி கட்டி பெட் போடச் சொன்னேன். இன்ஜின், அதைச் சுற்றிச் சத்தம் அடக்குகிற கேனோப்பிக் கூடு, டீசல், எல்லாம் சேர்த்தால் மூன்று டன் பக்கம் வரும். அதிர்வை வாங்குகிற ரப்பர் மவுன்ட் செட்டிலேயே இருப்பதால் ரொம்பக் கனமான பெட் தேவையில்லை, ஆனால் மட்டம் சுத்தமாக இருக்க வேண்டும். டியூப் லெவல் பிடித்துப் பார்த்ததில் ஒரு மூலை ஆறு மில்லி இறக்கம், அதைத் திருப்பிச் சரி செய்ய வைத்தேன், கொத்தனார் இன்றைக்கும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. தரையிலிருந்து ஓர் அடி உயரம் வைத்தோம், மழைத்தண்ணீர் ஏறாமலிருக்க. இரண்டு வாரம் சாக்கு போட்டுத் தண்ணீர் விட்டோம்.

எர்த் குழி நான்கு. நியூட்ரலுக்கு இரண்டு, ஜெனரேட்டரின் இரும்பு பாடிக்கு இரண்டு, தனித்தனியாக. இதில் எல்லாரும் கையை வைப்பார்கள். எங்கள் ஆளும் இரண்டு குழி தோண்டி, நாலு பட்டையையும் அதிலேயே கட்டிவிடலாம், மண்ணுக்குள் போனால் எல்லாம் ஒன்றுதானே என்றார். நியூட்ரலில் வருகிற கரண்ட் பாடிக்கு ஏறும் வழியை நாமே போட்டுக் கொடுப்பது அது. கல்யாணத்துக்கு வருகிற குழந்தைகள் எதைத் தொடும் என்று யாருக்குத் தெரியும். நான்கும் மூன்று மீட்டர் ஆழம், கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டு. எர்த் மெகர் (எர்த்தின் தடையை அளக்கிற மீட்டர்) வைத்தபோது ஒரு குழி மட்டும் 7 ஓம் காட்டியது, அடியில் பாறை. அதைக் கைவிட்டுத் தென்னந்தோப்பு வாய்க்கால் ஓரமாகப் புதிதாக ஒன்று தோண்டினோம், 2க்குக் கீழே வந்தது.

வண்டி வந்த நாள் கூத்து. மண்டப வாசலில் சிமெண்ட் ஆர்ச் இருக்கிறது, உயரம் அளந்திருந்தேன், லாரி உயரம் அளந்திருந்தேன், லாரி மேல் செட்டின் உயரத்தையும் சேர்த்தேன். இறக்க வந்த ஹைட்ரா கிரேனின் நீட்டுக்கையை மட்டும் மறந்தேன். லாரி உள்ளே போய்விட்டது, ஹைட்ரா வெளியே நின்றது. பின்பக்கத் தோப்பு வழியாக வேலியைப் பிரித்துக் கொண்டுவந்தோம், தோட்டத்துக்காரருக்கு இரண்டு தென்னம்பிள்ளைக்குக் காசு கொடுத்தோம்.

கேபிள் மூன்றரை கோர் 185 ஸ்கொயர் அலுமினியம் ஆர்மர்டு. 160 கேவிஏவின் முழு கரண்ட் 222 ஆம்ப்ஸ், நீளத்தையும் சூட்டையும் யோசித்து இந்த அளவு. டிரெஞ்ச் மூடி, மணல் போட்டு, செங்கல் அடுக்கி, மேலே டைல்ஸும் ஒட்டின பிறகு பேனல் மாட்ட வந்த பையன் கேட்டான்: "அண்ணா, கன்ட்ரோல் கேபிள் எதுல வருது?" எதிலும் வரவில்லை. கரண்ட் போனதை ஜெனரேட்டருக்குச் சொல்ல, ஸ்டார்ட் சிக்னல் கொடுக்க, பேட்டரி சார்ஜருக்கு இபி கொண்டுபோக தனியாகப் பன்னிரண்டு கோர் கேபிள் ஒன்று வேண்டும். அதை நான் படத்தில் வரைந்திருந்தேன், டிரெஞ்சில் போடச் சொல்ல மறந்தேன். புது டைல்ஸை உடைத்தோம். இந்த முறை ஒரு காலிக் குழாயையும் சேர்த்துப் போட்டேன், உள்ளே இழுகயிறு விட்டு.

புகைக்குழாய் எவ்வளவு உயரம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கேவிஏவின் வர்க்கமூலத்தை 0.2ஆல் பெருக்கி, கட்டட உயரத்தோடு கூட்ட வேண்டும். 160க்கு அது இரண்டரை மீட்டர் வருகிறது. மண்டபம் 11 மீட்டர், ஆகப் பதின்மூன்றரை. மூன்று மீட்டர் போட்டால் போதும், யார் வந்து அளக்கப்போகிறார்கள் என்றார்கள். அளப்பவர் வராவிட்டாலும் பந்தியில் உட்கார்ந்திருப்பவருக்கு மூக்கு இருக்கிறதே. இவ்வளவு உயரம் போகும்போது குழாய் ஒல்லியாக இருந்தால் இன்ஜினுக்கு மூச்சுத் திணறும், அதனால் செட்டோடு வந்த அளவைவிடப் பெரிசாக ஆறு இன்ச், வளைவு இரண்டே இரண்டு, அதுவும் நீளமான வளைவு. குழாயின் கனம் இன்ஜின் மேல் உட்காராமல் தனியாக ஆங்கிளில் டவர் நிறுத்தி, நடுவில் அதிர்வை வாங்க வளைந்துகொடுக்கிற பெல்லோஸ். கை படும் உயரம் வரை கண்ணாடிக் கம்பளி சுற்றி அலுமினியத் தகடு. மேல்காற்றுக்காக நாலு பக்கமும் ஸ்டே கம்பி. அடியில் தண்ணீர் வடிய ஒரு திருகு, இது இல்லையென்றால் மழைத்தண்ணீர் நேராகச் சைலன்சருக்குள்.

இனி பேனல். என் முழு ஆசையும் இதில்தான். கரண்ட் போனால் நான்கு விநாடி பொறுக்கும், சும்மா கண் சிமிட்டலுக்கெல்லாம் கிளம்பக்கூடாது. பிறகு ஸ்டார்ட், வோல்டேஜ் நிலைத்ததும் நான்கு போல் சேஞ்ச் ஓவர் மாறும். நியூட்ரலும் சேர்ந்து மாற வேண்டும் என்பதால் நான்கு போல். மொத்தத்தில் 15 விநாடிக்குள் விளக்கு, சமையல்கட்டு, சாப்பாட்டுக் கூடம், லிஃப்ட் எல்லாம் வந்துவிடும். அந்த 15 விநாடிக்கு மேடை விளக்குக்கும் மைக்குக்கும் ஒரு யுபிஎஸ். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் எதுவும் தேவையில்லை, அவர்கள் பாட்டுக்கு வாசிப்பார்கள். அப்புறம் ஏசிக்கு வருவோம். ஆறு யூனிட்டுக்கும் தனித்தனி காண்டாக்டர், தனித்தனி டைமர், 20 விநாடி இடைவெளி. முதல் யூனிட்டின் மூன்று நிமிடக் கடிகாரம் ஓட ஆரம்பித்து 20 விநாடி கழித்துத்தான் இரண்டாவதின் கடிகாரமே ஆரம்பிக்கும். ஒரு நேரத்தில் ஒரு கம்ப்ரசர், 74 ஆம்ப்ஸ் அடி, 222 ஆம்ப்ஸ் செட்டுக்கு அது ஒன்றுமே இல்லை. விளக்கு லேசாக மங்கி வரும், அவ்வளவுதான். ஐந்தரை நிமிடத்தில் ஆறும் ஏறிவிடும், அதுவரைக்கும் ஹாலில் இருக்கிற குளிர்ச்சி தாங்கும்.

பேனல் செய்து கொடுத்தவருக்கு இந்த டைமர் வேலை பிடிக்கவில்லை. பெரிய செட் வாங்கியிருந்தால் இதெல்லாம் வேண்டியதில்லையே என்றார். ஆறு டைமர் ஆறு காண்டாக்டரின் விலையை அவரே சொல்லட்டும், 160க்கும் 250க்கும் உள்ள வித்தியாசத்தையும் அவரே சொல்லட்டும்.

முதல் ஓட்டம். இன்ஜின் அழகாகப் பிடித்தது, 50 ஹெர்ட்ஸ், 415 வோல்ட். சேஞ்ச் ஓவர் மாறியது. சமையல்கட்டிலிருந்து கத்தல்: எக்ஸாஸ்ட் ஃபேன் புகையை உள்ளே ஊதுகிறது. லிஃப்ட் பிழை காட்டி நின்றுவிட்டது, ஏசி கன்ட்ரோலர்கள் ஆறும் சிவப்பு விளக்கு. ஃபேஸ் வரிசை மாறிவிட்டது, இபிக்கு ஆர்-ஒய்-பி, ஜெனரேட்டருக்குத் தலைகீழ். லிஃப்டிலும் ஏசியிலும் ஃபேஸ் பாதுகாப்பு ரிலே இருந்ததால் தப்பித்தோம், ஸ்க்ரோல் கம்ப்ரசர் தலைகீழாக ஓடினால் கொஞ்ச நேரத்தில் கதை முடியும். ஜெனரேட்டர் பக்கத்தில் இரண்டு ஃபேஸை மாற்றிக் கட்டினோம். கட்டும்போது அங்கேதான் கட்ட வேண்டும், மோட்டார் பக்கம் மாற்றினால் இபியில் தலைகீழாகிவிடும். இதைச் சீக்வென்ஸ் மீட்டர் வைத்து முதலிலேயே பார்த்திருக்க வேண்டியவன் நான். மீட்டர் என் கடையில், மேசை டிராயரில் இருந்தது.

இரண்டாவது ஓட்டத்தில் இன்னும் மோசம். மாறிய உடனே விளக்குகள் பளீரென்று ஏறின, மீட்டரில் 415 இருந்த இடத்தில் 458. கன்ட்ரோலர் ஓவர் வோல்டேஜ் என்று நிறுத்திவிட்டது, அதற்குள் இரண்டு எல்ஈடி ஃபோகஸ் விளக்கு போய்விட்டன. ஆல்டர்னேட்டரில் கோளாறு என்று நினைத்து, வோல்டேஜ் ரெகுலேட்டரைத் திருப்பிப் பார்த்து, கம்பெனி ஆளுக்கு போன் போட்டு, ஒரு பகல் முழுக்க வீணாயிற்று. சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே பேனல் ரூமைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தபோது கெபாசிட்டர் பேனலின் செலக்டர் மேனுவலில் இருப்பது கண்ணில் பட்டது. யாரோ எப்போதோ மாற்றி, எல்லா ஸ்டெப்பையும் ஆன் செய்து விட்டிருக்கிறார்கள், மொத்தம் 50 கேவிஏஆர் (கெபாசிட்டரின் அளவு). இபியில் ஓடும்போது அது பவர் ஃபேக்டரைச் சரி பண்ணும். ஆனால் 12 கிலோவாட் விளக்கு மட்டும் ஓடுகிற 160 கேவிஏ ஜெனரேட்டரில் அத்தனை கெபாசிட்டரைக் கட்டினால் கெபாசிட்டரே ஆல்டர்னேட்டருக்குக் காந்தம் ஏற்ற ஆரம்பித்துவிடும், ரெகுலேட்டர் எவ்வளவு குறைத்தாலும் வோல்டேஜ் இறங்காது. ஜெனரேட்டர் பக்கம் மூடினால் கெபாசிட்டர் பேனல் தானாகக் கழன்றுகொள்கிற மாதிரி ஒரு இன்டர்லாக் போட்டேன். இந்த ஒன்றுக்காகவே இதை எழுத வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் கெபாசிட்டர் பேனல் இருக்கிற எந்த இடத்திலும் இது நடக்கலாம், நடக்கும்போது எல்லாரும் ஆல்டர்னேட்டரைத்தான் கழற்றுவார்கள்.

மூன்றாவது நாள் மண்டபத்தில் இருக்கிற எல்லாவற்றையும் போட்டு, அறை ஏசிகள், கிரைண்டர், வெளி விளக்கு வரை, 110 கிலோவாட் வரைக்கும் ஏற்றி இரண்டு மணி நேரம் ஓட்டினோம். கேபிள் நுனியில் மாட்டுகிற ஒவ்வொரு லக்கையும் சூடு பார்க்கிற துப்பாக்கி வைத்துப் பார்த்ததில் ஒன்று மட்டும் மற்றதைவிட 20 டிகிரி அதிகம், சரியாகக் கிரிம்ப் ஆகவில்லை, வெட்டி மாற்றினோம். சத்தம் கேனோப்பியிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி, பேக்டரி சான்றிதழோடு வருகிறது. ஹாலுக்குள் சுத்தமாகக் கேட்கவில்லை, கேட்டாலும் எங்கள் ஊர் பேண்ட் செட்டுக்கு முன்னால் அது எம்மாத்திரம்.

மின் ஆய்வுத் துறைக்கு லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் மூலம் படம் கொடுத்திருந்தோம். வந்து பார்த்தவர் எர்த் குழிகளையும் இன்டர்லாக்கையும்தான் முதலில் கேட்டார், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மூடாது என்பதைக் கையால் தள்ளிக் காட்டச் சொன்னார். ரப்பர் மேட், அபாயப் பலகை, ஷாக் அடித்தால் முதலுதவி அட்டை, மணல் வாளி, தீயணைப்பான். அட்டை இங்கிலீஷில் மட்டும் இருக்கிறது, தமிழிலும் வேண்டும் என்றார், நியாயம்தான். ஜெனரேட்டரில் எடுக்கிற யூனிட்டுக்கும் அரசுக்கு வரி உண்டு என்பதால் பேனலில் யூனிட் மீட்டர் இருக்க வேண்டும், இதைப் பலர் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

டீசல். முக்கால் லோடில் மணிக்கு 26 லிட்டர் குடிக்கிறது. அப்போதைய விலைக்கு, லிட்டர் 92 ரூபாய் சொச்சம், ஒரு யூனிட் சுமார் 25 ரூபாய் ஆனது, டீசல் மட்டும். மாமா ஒரேயடியாக ஐயாயிரம் லிட்டர் வாங்கிப் போட்டுவிடலாம் என்றார். டீசல் மொத்தம் 2,500 லிட்டருக்குள், எந்த ஒரு டேங்க்கும் 1,000 லிட்டரைத் தாண்டாமல் இருந்தால்தான் பெட்ரோலியம் சட்டப்படி லைசென்ஸ் வேண்டாம், ஊரில் எங்கே பார்த்தாலும் 990 லிட்டர் டேங்க்காக இருப்பதற்கு இதுதான் காரணம். எங்களுக்கு அதுவும் வேண்டாம், செட்டின் அடியிலிருக்கிற டேங்க்கே ஒரு முழு ராத்திரி தாங்கும், கூட இரண்டு பேரல். டீசலை வருடக்கணக்கில் வைத்தால் தண்ணீர் சேர்ந்து கிருமி வளர்ந்து பாசி மாதிரி பிடிக்கும்.

ஒரு விஷயம் முதல் கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்தது. இபி சில நாள் போய், வந்து, போய், வந்து விளையாடும். ஆட்டோமேட்டிக்கில் விட்டால் செட்டும் கூடவே மாறி மாறி விளையாடும், ஒவ்வொரு தடவையும் ஏசி ஐந்து நிமிடம் காத்திருக்கும். அதனால் ஒரு செலக்டர் வைத்தேன்: அதைத் திருப்பிவிட்டால் இபி வந்தாலும் ஜெனரேட்டரிலேயே நிற்கும், முகூர்த்தம் முடிந்து மேனேஜர் திருப்பினால்தான் இபிக்குப் போகும். பக்கத்தில் "தாலி கட்டும் வரை இப்படியே" என்று மாமா மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறார்.

ஆவணி முதல் வரவேற்பில் ஒரு விநாடிகூட கரண்ட் போகவில்லை. மாமா அடிக்கடி சீலிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார், எட்டரைக்கு வந்து, "ஒருக்கா மெயின ஆஃப் பண்ணிப் பாக்கலாமா மாப்ள" என்றார். மாட்டேன் என்றுவிட்டேன். மாதம் ஒருமுறை காலியாக இருக்கும்போது நான்கு ஏசியைப் போட்டு அரைமணி ஓட்டுவதுதான் எங்கள் ஏற்பாடு, லோடு இல்லாமல் சும்மா ஓட்டுவது கிடையாது. அப்படி ஓட்டப் போன ஒரு நாள் ஸ்டார்ட் ஆகவே இல்லை. பேட்டரி சார்ஜரின் பிளக்கை யாரோ கழற்றிவிட்டு அந்த சாக்கெட்டில் பெருக்குகிற மெஷினைச் சொருகியிருக்கிறார்கள், பேட்டரி செத்துக் கிடந்தது. அந்த சாக்கெட்டையே பிடுங்கிவிட்டேன்.

நிஜமாக வேலை வந்தது புரட்டாசி கழிந்து ஐப்பசி முகூர்த்தத்தில், விடிகாலை ஐந்தே முக்காலுக்கு. நான் ஹாலில்தான் இருந்தேன். சீலிங் விளக்கு அணைந்தது, மேடை மட்டும் எரிந்தது, தவில் நிற்கவில்லை, நான் வாட்சைப் பார்த்தேன், 14 விநாடியில் எல்லாம் வந்தது. மூன்று நிமிடம் ஆனதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. விளக்கு லேசாக ஒருமுறை மங்கி நிமிர்ந்தது, பிறகு இன்னொருமுறை, இன்னொருமுறை. ஆறும் ஏறின. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே இறங்கினால் சமையல் மாஸ்டர் இடுப்பில் கைவைத்து நிற்கிறார். "எல்லாருக்கும் தானா வருது, எங்க கிரைண்டர் மட்டும் வரலையேங்க, அத என்னன்னு பாருங்க." அது அப்படித்தான் வர வேண்டும், கரண்ட் போனால் ஸ்டார்ட்டர் விட்டுவிடும், பச்சை பட்டனை அழுத்தினால்தான் திரும்ப ஓடும், மாவில் கை இருக்கும்போது கல் தானாகச் சுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, பட்டனை அழுத்திவிட்டு, சட்னிக்குத் தேங்காய் போதாது என்று வேறு யாரையோ திட்டப் போய்விட்டார்.